ஆளில்லாத இரவில் கரண்ட் போனால்: ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் யு.பி.எஸ் அமைப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

காவிரி டெல்டாவில் ஒரு தாலுகா ஊர். கடைவீதி மாடியில் இயங்கும் ஆடிட்டர் அலுவலகத்தில் நான்கு கணினிகள். வாடிக்கையாளர்களின் கணக்குக் கோப்புகள் அனைத்தும் ஒரே கணினியில் இருந்தன. மற்ற மூன்றும் நெட்வொர்க் வழியாக அவற்றைத் திறந்து வேலை செய்தன. பெரிய சர்வர் எதுவும் இல்லை. விண்டோஸ் ஓடும் சாதாரண மேசைக் கணினிதான் அந்த வேலையைச் செய்தது. இந்த ஆய்வில் அதைத் தரவுக் கணினி என்று குறிப்பிடுகிறோம்.

தரவுக் கணினி இரவும் பகலும் ஓட வேண்டியிருந்தது. அலுவலக உரிமையாளர் இரவில் வீட்டிலிருந்து இணைந்து கோப்புகளைப் பார்ப்பார். அதிகாலை 1 மணிக்கு அன்றைய கோப்புகளின் நகல் ஒரு வெளி வட்டுக்கும் இணையச் சேமிப்பகத்துக்கும் தானாகப் போகும்.

மின்சாரப் பாதுகாப்புக்கு இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. ஒவ்வொரு கணினிக்கும், கரண்ட் போனதும் தன் பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும் 600 வி.ஏ (தூக்கும் சுமையின் அளவு) யு.பி.எஸ் ஒன்று, அதனுள் 12 வோல்ட், 7 ஏ.ஹெச் (பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி ஒன்று. கூடத்துக்கு மொத்தமாக 850 வி.ஏ ஸ்கொயர் வேவ் (சதுர அலை) இன்வெர்ட்டர். அதற்கு 150 ஏ.ஹெச் டியூபுலர் பேட்டரி. கூடத்திலிருந்த விளக்கு, மின்விசிறி, ப்ளக் பாயின்ட் எல்லாமே இன்வெர்ட்டர் லைனில் இருந்தன. யு.பி.எஸ்களும் அதே ப்ளக்குகளில்தான் சொருகப்பட்டிருந்தன. ஒன்றுக்கு இரண்டு பாதுகாப்பு இருக்கிறது என்பதே அலுவலகத்தின் நம்பிக்கை.

நிகழ்வு

ஒரு ஜூலை 19 இரவு, அலுவலகம் பூட்டிய பிறகு கரண்ட் போய் நான்கு மணி நேரம் கழித்து வந்தது. மறுநாள் 20, ஜி.எஸ்.டி 3பி என்ற மாதாந்திர வரிப் படிவத்துக்குக் கடைசி நாள். காலையில் தரவுக் கணினி அணைந்து கிடந்தது. இயக்கிப் பார்த்தால் இரண்டு வாடிக்கையாளர்களின் கணக்குகள் திறக்கவில்லை. ஒன்று, மென்பொருளோடு வரும் பழுதுநீக்கும் வசதியில் மீண்டது. மற்றொன்று மீளவில்லை. நகலைத் தேடியபோது அது எட்டு நாள் பழையதாக இருந்தது. நடுவில் இருந்த பதிவுகளை ரசீதுகளை வைத்து மீண்டும் ஏற்றினார்கள். அந்த வாடிக்கையாளரின் படிவம் தாமதக் கட்டணத்தோடுதான் தாக்கலானது.

இதற்கு முன்பும் இப்படிச் சின்னச் சின்னப் பழுதுகள் வந்திருந்தன. "லைட் எரிஞ்சுக்கிட்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் ஆஃப் ஆகுது சார்" என்று ஊழியர்கள் பல மாதங்களாகச் சொல்லி வந்தார்கள். கணினியில்தான் கோளாறு என்று எண்ணி அதனுள் மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ் பெட்டி மாற்றப்பட்டிருந்தது. அதனால் பயன் இல்லை.

கண்டறிந்தவை

முதலில் கணினியின் சொந்தப் பதிவேடு பார்க்கப்பட்டது. விண்டோஸ் நிகழ்வுப் பதிவேட்டில் முறையாக அணைந்தால் 6006 என்ற எண் விழும். திடீரென்று அணைந்திருந்தால் அடுத்த முறை இயங்கும்போது 41, 6008 என்ற எண்கள் விழும். 6008-ல் கணினி கடைசியாக உயிரோடு இருந்த நேரமும் இருக்கும். நான்கு மாதப் பதிவுகளை வரிசைப்படுத்தியதும் பாதிக்கு மேற்பட்ட திடீர் அணைவுகள் அலுவலகம் மூடிய பிறகு நடந்தவை என்று தெரிந்தது. எட்டு நாள் நகல் இல்லாமல் போன காரணமும் இதிலேயே கிடைத்தது. இரவு 10 மணிக்குக் கரண்ட் போய்க் கணினி அணைந்தால், கரண்ட் வந்தாலும் அது தானாக எழாது. 1 மணிக்கு நகல் எடுக்க ஆளும் இல்லை, கணினியும் இல்லை. காலையில் யாரோ பொத்தானை அழுத்திவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். நகல் விட்டுப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்து, வேலை முடிந்த மாலையில் கோப்புகளை மூடிவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்துச் சோதனை செய்யப்பட்டது. இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது, விளக்கு எரிந்தது, மின்விசிறி சுற்றியது. ஆனால் யு.பி.எஸ்களின் பீப் ஒலி நிற்கவில்லை. உள்ளே மின்சாரத்தை மாற்றிவிடும் ரிலே சுவிட்ச் டக் டக் என்று மாறி மாறி அடித்தது. நான்காவது நிமிடம் தரவுக் கணினி அணைந்தது. ஊழியர்கள் சொன்னது அப்படியே கண்முன் நடந்தது.

காரணம் இன்வெர்ட்டரின் அலை வடிவம். இவ்வகை யு.பி.எஸ் உள்ளே வரும் மின்சாரத்தின் வோல்டேஜையும் அலைவெண்ணையும் ஓயாமல் சரிபார்க்கும். மின்வாரிய மின்சாரம் சீராக வளைந்த சைன் அலையில் வரும்; ஸ்கொயர் வேவ் மின்சாரம் அதன் கணக்கில் கெட்ட மின்சாரமாகவே தெரியும். உடனே அதை ஒதுக்கிவிட்டுத் தன் சிறு பேட்டரிக்கு மாறிவிடும். பக்கத்தில் 150 ஏ.ஹெச் பேட்டரி நிறைந்திருக்க, 7 ஏ.ஹெச் பேட்டரி தீர்ந்து கணினி அணைகிறது. (சாதாரண மல்டிமீட்டரை வைத்து இந்த மின்சாரத்தைச் சரியாக அளக்க முடியாது. அது ஸ்கொயர் வேவின் வோல்டேஜைத் தவறாகக் காட்டும், எந்த அலை வடிவத்தையும் சரியாக அளக்கும் ட்ரூ ஆர்.எம்.எஸ் மீட்டர் வேண்டும்.)

நான்கே நிமிடத்தில் தீர்ந்ததற்குப் பேட்டரியின் வயது காரணம். மூன்றரை ஆண்டு ஆகியிருந்தது. சும்மா வைத்து அளந்தால் 12.6 வோல்ட் காட்டியது, நல்ல பேட்டரி போலவே. 100 வாட் குண்டு பல்பை யு.பி.எஸ்ஸில் மாட்டி எரியவிட்டபோது ஒரு நிமிடத்துக்குள் 10.4-க்கு இறங்கியது. சுமை கொடுக்காமல் பேட்டரியை அளப்பது அளக்காததற்குச் சமம். அந்த யு.பி.எஸ் மேசைக்குக் கீழே மூடிய மர அலமாரிக்குள் இருந்தது. இவ்வகை ஈய அமில பேட்டரிகளின் ஆயுட்கணக்கு 25 டிகிரிக்கானது. அதற்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும்.

மூன்றாவது, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச். பகலில் கோப்புகள் கெட்டதற்குத் தரவுக் கணினி மட்டும் காரணம் அல்ல. அது அணையாத நாட்களிலும் கெட்டிருக்கின்றன. நெட்வொர்க் ஸ்விட்சும் ரவுட்டரும் யு.பி.எஸ்ஸில் இல்லை, நேராக இன்வெர்ட்டர் லைனில் இருந்தன. இன்வெர்ட்டரின் பின்புறச் சுவிட்ச் "யு.பி.எஸ்" நிலையில் இல்லாமல் "இன்வெர்ட்டர்" நிலையில் கிடந்தது. அந்த நிலையில், கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாறும் நேரம் அதிகம். கணினியின் எஸ்.எம்.பி.எஸ் தன் கன்டென்சரில் உள்ள மின்சாரத்தை வைத்து 15 மில்லி செகண்ட் போலத் தாக்குப்பிடிக்கும். ஸ்விட்சின் சிறு அடாப்டரோ இந்த மாற்றத்தைத் தாங்காமல் அணைந்து எழுந்தது. அதற்குள் ஊழியர் பாதி ஏற்றிய பதிவு நடுவில் அறுந்துவிடும். நான்கு கணினிக்கும் யு.பி.எஸ் வாங்கியவர்கள், அவற்றை இணைக்கும் 5 வாட் பெட்டியை விட்டுவிட்டார்கள். பல அலுவலகங்களில் இன்றும் இதுதான் நிலை.

இன்னும் இரண்டு குறைகள். லேசர் பிரின்டர் தரவுக் கணினியின் யு.பி.எஸ்ஸிலேயே எக்ஸ்டென்ஷன் போர்டு வழியாக மாட்டப்பட்டிருந்தது. அச்சிடும்போது அதன் ஹீட்டர் 900 வாட் வரை இழுத்தது, யு.பி.எஸ்ஸின் திறனோ 360 வாட். அச்சிடும் நேரத்தில் கரண்ட் போனால் யு.பி.எஸ் ஓவர்லோடில் அந்தக் கணமே அணையும். அடுத்தது எர்த். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 40-ஐத் தாண்டியது. எர்த் குழி வறண்டு, கம்பி இணைப்பு துருப்பிடித்திருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

உரிமையாளர் முதலில் கேட்டது பெரிய பேட்டரி. அது வேண்டாம் என்று விளக்க வேண்டியிருந்தது. நான்கு மணி நேர மின்தடைக்கு எந்தச் சிறு யு.பி.எஸ்ஸும் போதாது. ஐந்து மணி நேரத்துக்கு வாங்கினால் ஆறாவது மணியில் அதே கதை. ஆளில்லாத நேரத்தில் பேட்டரி செய்ய வேண்டிய வேலை, கணினி தன்னைத் தானே முறையாக மூடிக்கொள்ளும் வரை தாங்குவது மட்டும்தான். அதற்குத் தேவை கரண்ட் போன செய்தியைக் கணினிக்குச் சொல்லும் கம்பி. பழைய யு.பி.எஸ்ஸில் அந்த யு.எஸ்.பி இணைப்பு இல்லை.

எப்போதும் மின்சாரத்தைப் புதிதாக உருவாக்கித் தரும் ஆன்லைன் வகை யு.பி.எஸ் பரிசீலிக்கப்பட்டு விடப்பட்டது. விலை மூன்று மடங்குக்கு மேல். அதன் விசிறி ஓயாமல் ஓடும். இந்த ஊரின் மின்சாரத்துக்கு வோல்டேஜைத் தானே உயர்த்தித் தாழ்த்தும் லைன் இன்டராக்டிவ் வகை போதும். கோடை மாலையில் 175 வோல்ட் வரை இறங்கும் வோல்டேஜை அது பேட்டரியைத் தொடாமலே சமாளிக்கும்.

யு.பி.எஸ்ஸின் அளவைத் தீர்மானிக்கச் சுமை அளக்கப்பட்டது. ப்ளக்கில் மாட்டும் வாட் மீட்டரில் தரவுக் கணினி சும்மா இருக்கும்போது 58 வாட்டும் வேலையில் 95 வாட்டும் எடுத்தது. மானிட்டர் 18, ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் சேர்ந்து 16, நெட்வொர்க் ஸ்விட்ச் 5. மொத்தம் 100 முதல் 135 வாட். இரண்டு 12 வோல்ட், 7 ஏ.ஹெச் பேட்டரிகள் கொண்ட 1 கே.வி.ஏ, 600 வாட் யு.பி.எஸ் தேர்வானது. 600 வி.ஏ-வே இந்தச் சுமையைத் தூக்கும். ஆனால் சிறு பேட்டரியிலிருந்து அதிக ஆம்பியர் இழுத்தால் அதன் கொள்ளளவில் பாதிதான் கைக்கு வரும். சுமையை இரண்டு பேட்டரியில் பகிர்ந்தால், ஓடும் நேரம் இரு மடங்குக்கும் மேலாகக் கூடும்.

இன்வெர்ட்டர் விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டும் என்று ஒதுக்கப்பட்டது.

பொருத்திய முறை

மின்சாரம் பிரியும் டி.பி பாக்ஸில், இன்வெர்ட்டருக்குப் பிரியும் முன்பே, 10 ஆம்பியர் எம்.சி.பி (தானாக அணையும் பாதுகாப்புச் சுவிட்ச்) போட்டு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் தனி லைன் இழுக்கப்பட்டது. நான்கு யு.பி.எஸ்களுக்கும் அதிலிருந்தே ப்ளக். எர்த் குழியைத் தோண்டி, புதுக் கம்பியும் கிளாம்பும் போட்டு, உப்பும் கரியும் நிரப்பித் தண்ணீர் ஊற்றிய பிறகு நியூட்ரல்–எர்த் அளவு 2 வோல்ட்டுக்குக் கீழே வந்தது. இதை முடிக்காமல் யு.பி.எஸ் மாட்டக் கூடாது; எர்த் இல்லையென்றால் அதனுள் இருக்கும், திடீரென எகிறும் மின்சாரத்தைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்புக்கு மின்சாரத்தைத் தள்ளிவிட இடம் இல்லை.

புது யு.பி.எஸ் அலமாரிக்கு வெளியே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து உயர்த்திய பலகையில் வைக்கப்பட்டது. பேட்டரி மீது மார்க்கரால் தேதி எழுதப்பட்டது. நெட்வொர்க் ஸ்விட்ச், ரவுட்டர், ஃபைபர் பெட்டி மூன்றும் இதே யு.பி.எஸ்ஸுக்கு வந்தன. பிரின்டர் சுவர் ப்ளக்குக்குப் போனது. மற்ற மூன்று கணினிகளின் 600 வி.ஏ யு.பி.எஸ்களுக்கும் புதுப் பேட்டரி போடப்பட்டது.

பிறகு மென்பொருள். யு.எஸ்.பி-யில் மாட்டியதும் சில யு.பி.எஸ்களை விண்டோஸே லேப்டாப் பேட்டரி போல அடையாளம் கண்டு, சார்ஜ் குறைந்தால் கணினியை மூடிவிடும். அது பாதி வேலைதான். மூடிய பிறகு யு.பி.எஸ்ஸை அணைக்கச் சொல்ல விண்டோஸுக்குத் தெரியாது. இங்கே பயன்பட்டது யு.பி.எஸ்ஸோடு வந்த மென்பொருள். கரண்ட் போய் 3 நிமிடம் கழித்துக் கணினியை மூடு. திறந்திருக்கும் நிரல்களைக் கட்டாயமாக மூடு. மூடத் தொடங்கி 5 நிமிடத்தில் யு.பி.எஸ்ஸின் அவுட்புட்டை அணை. கரண்ட் திரும்பி வந்தாலும் 10 நிமிடம் பொறுத்தே அவுட்புட் கொடு. விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை நிரலான பயாஸில், மின்சாரம் வந்ததும் கணினி தானாக இயங்கும்படி அமைக்கப்பட்டது.

அவுட்புட்டை அணைப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை விளக்க வேண்டும். கணினி மூடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் திரும்பிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். யு.பி.எஸ் அவுட்புட்டை ஒரு கணமும் நிறுத்தவில்லை. கணினியைப் பொறுத்தவரை மின்சாரம் போகவே இல்லை. ஆகவே வரவும் இல்லை. பயாஸ் அமைப்பு வேலை செய்யாது. காலையில் யாராவது பொத்தானை அழுத்தும் வரை கணினி அணைந்தே கிடக்கும். மூடத் தொடங்கிவிட்டால், கரண்ட் வந்தாலும் வராவிட்டாலும், யு.பி.எஸ் ஒரு முறை அவுட்புட்டை அணைத்துத் திரும்பக் கொடுத்தே ஆக வேண்டும். யு.பி.எஸ் வாங்கும்போது கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

விண்டோஸில் இன்னும் நான்கு மாற்றங்கள். கணினியை முழுதாக மூடவிடாத விரைவுத் தொடக்க வசதி (ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்) நிறுத்தப்பட்டது. நகல் எடுக்கும் பணி, யாரும் உள்நுழையாவிட்டாலும் ஓடும்படி மாற்றப்பட்டது. நேரம் தவறினால் கணினி எழுந்தவுடன் ஓடும் தேர்வும் அதில் இயக்கப்பட்டது. விண்டோஸ் புதுப்பிப்புகள் சனிக்கிழமை மதியம் ஆள் இருக்கும்போது மட்டும் என்று வைக்கப்பட்டது. சாதாரணமாக ஒரு நிமிடத்தில் மூடும் இந்தக் கணினி, புதுப்பிப்பு காத்திருந்த ஒரு நாளில் 7 நிமிடம் எடுத்துக்கொண்டது. அந்த நேரத்தில் அவுட்புட் அணைந்தால், பாதுகாக்க வந்த ஏற்பாடே கணினியைக் கெடுத்துவிடும்.

ஊழியர்களுக்கு ஒரே விதி: பீப் கேட்டால் கையிலிருக்கும் பதிவைச் சேமித்துக் கோப்பிலிருந்து வெளியே வர வேண்டும். தரவுக் கணினி மூடப்போகும் முன் மற்ற திரைகளில் "கரண்ட் போயிடுச்சு, என்ட்ரியைச் சேமிச்சிட்டு வெளிய வாங்க" என்ற செய்தி தோன்றும்.

சோதனை

முதல் சோதனை கணினி இல்லாமல், 100 வாட் பல்பை மாட்டி நடந்தது. ப்ளக்கைப் பிடுங்கவில்லை, பிடுங்கினால் எர்த்தும் போய்விடும். சுவர்ச் சுவிட்சை மட்டும் அணைத்தார்கள். மென்பொருள் காட்டிய சார்ஜ் இரண்டாம் நிமிடத்தில் 84 சதவீதம், பத்தாம் நிமிடத்தில் 68, இருபதாம் நிமிடத்தில் 49, முப்பதாம் நிமிடத்தில் 27. 41-ஆம் நிமிடம் பல்பு அணைந்தது. இந்தச் சதவீதம் வெறும் வோல்டேஜிலிருந்து ஊகிப்பது. கரண்ட் வந்து பத்து நிமிடம் சார்ஜ் ஆனாலே 90-க்கு மேல் காட்டும். உள்ளே அவ்வளவு இருக்காது. முழுதாக நிரம்ப ஆறு முதல் எட்டு மணி நேரம் வேண்டும். அதனால்தான் மூடும் முடிவு முதலில் நிமிடக் கணக்கை நம்பி வைக்கப்பட்டது.

பிறகு கணினியோடு மூன்று சோதனைகள்: நீண்ட மின்தடை, 2 நிமிடத்தில் திரும்பும் மின்தடை, மூடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் திரும்புவது. மூன்றாவதில் கணினி எழவில்லை. மென்பொருளில் நேரத்தைக் குறித்திருந்தும், யு.பி.எஸ்ஸை அணைக்கும் தேர்வு இயக்கப்படாமல் இருந்தது. அதை இயக்கியபின் எழுந்தது. சோதிக்காமல் விட்டிருந்தால் இந்தக் குறை ஏதோ ஒரு மழை இரவில்தான் தெரிந்திருக்கும்.

பிறகு நடந்தது

ஒரு மாதத்துக்குள் ஊழியர்களிடமிருந்து புகார் வந்தது. பகலில் பெரும்பாலான மின்தடைகள் லைன் மாற்றும் ஐந்து எட்டு நிமிடங்கள்தான். அதற்குள் தரவுக் கணினி மூடிவிடுகிறது, மீண்டும் எழக் கால் மணி நேரம் ஆகிறது. புகார் நியாயமானது. யு.பி.எஸ் மென்பொருளின் பதிவேடும் அதையே காட்டியது. 3 நிமிடம் 10 ஆக்கப்பட்டது. கூடவே, சார்ஜ் 45 சதவீதத்துக்கு இறங்கினால் நிமிடம் பார்க்காமல் மூடு என்ற விதி சேர்க்கப்பட்டது. அடுத்தடுத்துக் கரண்ட் போனால் சதவீதம் சார்ஜ் ஏறும்போது பொய் சொல்லும், சுமையில் இறங்கும்போது ஓரளவு உண்மை சொல்லும். சோதனையில் 45-க்குப் பிறகும் பதினெட்டு நிமிடம் ஓடியிருந்ததால் இது பாதுகாப்பான எல்லை.

வடகிழக்குப் பருவமழையின்போது ஒரு நவம்பர் இரவில் கரண்ட் மூன்று முறை போய் வந்தது. முதல் முறை கணினி பத்தாம் நிமிடத்தில் மூடியது. திரும்பி எழுந்து ஓடும்போது இரண்டாவது தடை. அது ஆறு நிமிடத்தில் முடிந்தது. மூன்றாவதில் 45 சதவீத விதி நான்காம் நிமிடத்திலேயே மூடவைத்தது. விடியற்காலை எழுந்து, தவறிய நகலை எடுத்து முடித்திருந்தது. பதிவேட்டில் 41 இல்லை. அந்தப் பருவம் முழுவதும் எந்தக் கோப்பும் கெடவில்லை.

ஒரு முறை தவறியது. தரை துடைக்கும்போது யு.எஸ்.பி கம்பி கழன்றிருந்தது. இரவு கரண்ட் போனபோது கணினிக்குச் செய்தி போகவில்லை. பேட்டரி தீரும் வரை ஓடித் திடீரென அணைந்தது. அந்த நேரத்தில் யாரும் கோப்பைத் திறந்திருக்கவில்லை என்பதால் சேதம் இல்லை. பிறகு கம்பி மேசைக் காலோடு டை போட்டுக் கட்டப்பட்டது. யு.பி.எஸ்ஸோடு தொடர்பு அறுந்தால் உரிமையாளருக்கு மின்னஞ்சல் போகும்படியும் அமைக்கப்பட்டது.

பதினான்கு மாதம் கழித்து பல்புச் சோதனை மீண்டும் செய்யப்பட்டது. 41 நிமிடம் 31 ஆகியிருந்தது.

மாற்ற வேண்டியவை

செலவு குறைந்த திருத்தங்களை முதல் நாளே செய்திருக்கலாம். நெட்வொர்க் ஸ்விட்சை யு.பி.எஸ்ஸுக்கு மாற்றுவது, பிரின்டரை வெளியே எடுப்பது, இன்வெர்ட்டரின் பின்புறச் சுவிட்சைச் சரியான நிலைக்குத் தள்ளுவது, இவற்றுக்குச் செலவே இல்லை. புது யு.பி.எஸ் வரும் வரை காத்திருந்த வாரத்தில் பகலில் இன்னொரு கோப்பு கெட்டது.

நகல் எடுக்கப்பட்டதா என்று யாராவது பார்க்க வேண்டும் என்பது அமைப்பின் பகுதியாகவே இருந்திருக்க வேண்டும். இப்போது நகல் முடிந்ததும் மின்னஞ்சல் வருகிறது. வராத காலையில் முதல் வேலை அதைப் பார்ப்பது. யு.பி.எஸ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வட்டு ஒரு நாள் போகும்.

பேட்டரி மாற்றும் காலத்தை ஆண்டால் முடிவு செய்வதைவிடச் சோதனையால் முடிவு செய்வது மேல். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல்புச் சோதனை. 20 நிமிடத்துக்குக் கீழே வந்தால் இரண்டு பேட்டரியையும் சேர்த்தே மாற்றுவது. ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் சீக்கிரம் கெடுக்கும். பழைய பேட்டரி குப்பைக்குப் போகக் கூடாது. வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுத்தால் விலையிலும் கழித்துக்கொள்வார்கள்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை முதல் மாலை வரை வேலை நிற்பது இன்னும் தீரவில்லை. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் ஓய்ந்ததும் சைன் வேவ் இன்வெர்ட்டர் வாங்கி, யு.பி.எஸ் லைனை அதன் பின்னால் கொண்டுவருவது திட்டம். அப்போது கரண்ட் போனது யு.பி.எஸ்ஸுக்குத் தெரியாது, இன்வெர்ட்டரின் பேட்டரி தீரும்போதுதான் அதற்கு வேலை வரும். மூடும் விதிகளை மாற்ற வேண்டியதில்லை, ஆனால் மூன்று சோதனைகளையும் புதிதாகச் செய்ய வேண்டும். அவற்றை இன்வெர்ட்டரின் அவுட்புட்டை அணைத்துச் செய்ய வேண்டும். மெயினை அணைத்தால் இன்வெர்ட்டர் ஏந்திக்கொள்ளும், யு.பி.எஸ் சோதிக்கப்படாமலே போகும்.